லைவ் ராக்கோடு ஒட்டி வந்தது எது? உப்புநீர்த் தொட்டிக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

உப்புநீர்த் தொட்டி வைப்பவர் மீனுக்கு முன்னால் கல் வாங்குகிறார். கடைகளில் லைவ் ராக் என்று சொல்லும் அந்தக் கல் பவளப்பாறைத் திட்டிலிருந்து வருவது. அதன் துளைகளில் புழு, நண்டு, நத்தை, கடற்பஞ்சு, கடல் சாமந்தி, பாசி என்று நாம் காசு கொடுக்காத ஒரு கூட்டமே குடியிருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கை அணைத்ததும் ஏதோ ஒன்று நெளியும். கைப்பேசியில் தேடினால் ஒருவர் உடனே கொல் என்பார், இன்னொருவர் விட்டுவிடு என்பார். கடையில் கேட்டால் "அதெல்லாம் ஒன்றும் செய்யாது" என்று முடித்துவிடுவார்கள். இந்தக் குழப்பத்தில் நான் நிறையவே அலைந்திருக்கிறேன். அடுத்து வருகிறவர் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கல்லோடு வருபவற்றில் பெரும்பாலானவை தொட்டிக்கு நல்லது செய்பவை. தொல்லை தருபவை சிலவே. அதனால் பெயர் தெரியும்வரை எதையும் கொல்லாதீர்கள். பெயர் தெரியும்வரை எதையும் பெரிய தொட்டிக்குள் விடவும் செய்யாதீர்கள். இரண்டையும் ஒருசேரச் செய்ய ஒரு தனிப் பெட்டி வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான்.

1. வாங்கும் முன் ரசீதும் கல்லின் வரலாறும்

கல் பவளங்கள் அனைத்தும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் எனப்படும் அனைத்துலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. பவள எலும்புக்கூட்டால் ஆன லைவ் ராக்கும் அதற்குள் அடங்கும். சிங்கப்பூருக்குள் கொண்டுவர, ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதியோடு இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் வேண்டும். அருகிவரும் உயிரினங்கள் தொடர்பான 2006ஆம் ஆண்டுச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. உள்ளூர்க் கடையில் வாங்கும் உங்களுக்குத் தனியாக எந்தத் தாளும் தேவையில்லை. இறக்குமதி செய்தவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்தாம், பிந்தான், தியோமான் என்று பக்கத்து நாட்டுத் தீவுகளுக்கு விடுமுறைக்குப் போய்விட்டு ஒரு சின்னக் கல்தானே என்று பையில் போட்டு வராதீர்கள். அனுமதி இல்லாமல் எல்லையைத் தாண்டினால் அது குற்றம், கல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும். நம் கடற்கரைகளிலிருந்தும், குறிப்பாக சிஸ்டர்ஸ் தீவுகள் கடல்சார் பூங்காவிலிருந்தும், எதையும் எடுக்கக் கூடாது.

கடை என்றால் பாசிர் ரிஸ் ஃபார்ம்வே பக்கமும் சிராங்கூன் நார்த் பக்கமும் மீன் கடைகள் இருக்கின்றன. தொட்டியைக் கலைத்துவிட்டுக் கல்லை விற்பவர்கள் கேரோசெல் இணையச் சந்தையில் கிடைப்பார்கள். அங்கே விலை குறைவு, அலசல் அதிகம் தேவை. விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். தொட்டியில் அயிப்டேசியா (பவளத்தைக் கொட்டிப் பெருகும் ஒரு கடல் சாமந்தி) இருந்ததா? கடைசியாக மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது எப்போது? தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மருந்து ஊற்றினீர்களா? மூன்றாவதுதான் மிக முக்கியம். கல் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இறால், நத்தை, பவளம் எதுவும் அதைத் தாங்காது. பதில் தடுமாறினால் அந்தக் கல் வேண்டாம்.

எடை போட்டுத்தான் விற்பார்கள். ஒரே அளவில் இரண்டு கல் இருந்தால் லேசானதை எடுங்கள். துளை அதிகம் என்று பொருள், காசும் மிச்சம். முகர்ந்து பாருங்கள். கடல் வாசனை வந்தால் சரி, அழுகிய முட்டை வாசனை வந்தால் உள்ளே நிறைய செத்திருக்கிறது.

2. கல் வருவதற்கு முதல் நாளே பெட்டியைத் தயார் செய்யுங்கள்

கல்லை வாங்கி வந்த பிறகு உப்பு கரைக்க உட்காருவது மிகவும் பரவலான தவறு. லைவ் ராக் வழக்கமாகத் தண்ணீரில் மூழ்கியபடி வருவதில்லை. ஈரமாக, பெட்டியில் அடைத்துத்தான் அனுப்புவார்கள். வந்து சேரும்போதே உள்ளே இருப்பவை களைத்திருக்கும். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

தேவையானவை:

- 40 முதல் 60 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டி. பக்கவாட்டில் ஒளி ஊடுருவும் பெட்டி நல்லது, அடையாளம் காண உதவும். பழைய மீன்தொட்டி இருந்தால் இன்னும் வசதி.
- தண்ணீரைச் சுழற்றும் ஒரு சிறிய பவர்ஹெட். காற்றுக்குமிழிக் கருவியும் இருந்தால் நல்லது.
- கடல் உப்பு. 20 லிட்டருக்குச் சுமார் 750 கிராம். சமையல் உப்பு ஆகாது.
- உப்பின் அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர். இருபது முப்பது வெள்ளிக்கு இணையத்தில் கிடைப்பதே தொடக்கத்துக்குப் போதும். ஒப்படர்த்தி அளவு 1.026, அதாவது ஆயிரத்துக்குச் சுமார் 35 பங்கு உப்பு.
- அமோனியா சோதிக்கும் கிட். இதைத் தவிர்த்துக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.
- நீண்ட இடுக்கி, முழங்கை வரை வரும் கையுறை, கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, இரண்டு வாளி, ஒரு வெள்ளைத் தட்டு.

குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். நம் பொதுப் பயனீட்டுக் கழகம் பயன்படுத்துவது குளோரமின். அது அப்படி ஆவியாகிப் போகாது. அதை முறிக்கும் மருந்தைச் சேருங்கள், அல்லது சவ்வு வழியே வடிகட்டிய ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். இயற்கையான கடல்நீரை வடிகட்டிக் கலனில் விற்கும் கடைகளும் இருக்கின்றன. முதல் தடவைக்கு அது தலைவலியைக் குறைக்கும்.

குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்து ஹீட்டர் வாங்க வேண்டாம். நம் வீவக அடுக்குமாடி வீட்டில் பெட்டித் தண்ணீர் தானாகவே 29, 30 டிகிரிக்குப் போய்விடும். நமக்குச் சிக்கல் எதிர்ப்பக்கம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, செத்தது வேகமாக அழுகும். வெயில் விழாத மூலையில் பெட்டியை வைத்து, மேலே சிறு விசிறி ஒன்றைத் திருப்பிவிடுங்கள். விசிறி ஓடினால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். குறைந்த அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீர், உப்பில்லாத தண்ணீர், ஊற்ற வேண்டும். அந்த நல்ல தண்ணீர் வாளியை எப்போதும் இறுக மூடி வையுங்கள். கொசு முட்டையிட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

3. கையுறையும் கண்ணாடியும் போட்ட பிறகே தொடுங்கள்

இந்தப் படியைத் தாண்டி யாரும் போக வேண்டாம். லைவ் ராக்கில் பழுப்பு நிறத்தில், பொத்தான் அளவில், ஓரத்தில் குட்டி இழைகளோடு கூட்டமாக ஒட்டியிருப்பவை ஸோவாந்திட், பாலித்தோவா வகைப் பவள உயிர்கள். அவற்றில் சில பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சை வைத்திருக்கும். கல்லைச் சுத்தம் செய்ய ஒரே வழி கொதிக்க வைப்பதுதான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். லைவ் ராக்கை ஒருபோதும் கொதிக்க வைக்கக் கூடாது. மைக்ரோவேவில் வைக்கக் கூடாது, வெந்நீர் ஊற்றக் கூடாது, தூரிகையால் உலர்ந்த நிலையில் தேய்க்கவும் கூடாது. நஞ்சு ஆவியோடும் தெறிப்போடும் காற்றில் கலக்கும். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தொட்டியிலிருந்த பவளத்தைச் சுத்தம் செய்ததில் ஒரு குடும்பமே மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. நம் சமையலறைகள் சிறியவை, குழந்தைகளும் பெரியவர்களும் அதே கூடத்தில்தான் இருப்பார்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், வாயில் உலோகச் சுவை, கண் எரிச்சல் வந்தால் எல்லாரும் வெளியே வந்து அவசர மருத்துவ வண்டிக்கான 995ஐ அழையுங்கள். மீன்தொட்டிப் பவளம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கையில் வெட்டுக் காயம் இருந்தால் ஆறும்வரை தள்ளிப்போடுங்கள். மீன்தொட்டித் தண்ணீரிலிருந்து வரும் மைகோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி தோலில் ஆறாத கட்டியாக வந்து நிற்கும். சாதாரணப் புண் என்று நினைத்து வாரக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மருத்துவரிடம் போகும்போது தொட்டி வைத்திருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

4. வந்த அன்றே வெள்ளைத் தட்டில் முதல் பார்வை

கல்லைச் சுமந்துவர ஈரச்சந்தை மீன் கடையில் காலி ஸ்டைரோஃபோம் பெட்டி கேட்டால் கொடுப்பார்கள். நன்றாகக் கழுவிக்கொண்டால் டாக்சியில் தண்ணீர் சிந்தாமல் கொண்டுவரலாம்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கல்லை உப்புநீர் வாளிக்குள் மெதுவாக ஆட்டி எடுங்கள். மண்ணும் தளர்ந்த குப்பையும் விழும். வாளியின் அடியில் தங்கியதை வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். பாதி விருந்தாளிகள் அங்கேயே தெரிவார்கள்.

அப்புறம் இரண்டாவது வாளி. அதில் உப்பைக் கூட்டி 1.035 முதல் 1.040 வரை கொண்டுவாருங்கள். கல்லை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள், அதிகம் போனால் இரண்டு. ஓடக்கூடியவை எல்லாம் துளையைவிட்டு வெளியே குதிக்கும். நண்டு, இறால், புழு மூன்றையும் சேதமில்லாமல் வெளியே எடுக்க இது நல்ல வழி. குதித்து விழுந்தவற்றை உடனே சாதாரண உப்புநீர் உள்ள கிண்ணத்துக்கு மாற்றுங்கள், பார்த்து முடிவு செய்யும்வரை அவை உயிரோடு இருக்கட்டும். நல்ல தண்ணீரில் முக்கினாலும் ஓடும், ஆனால் கல்லுக்குள் நிறைய சாகும். எனக்கு அந்த முறையில் விருப்பமில்லை.

பெரிய கடற்பஞ்சு இருக்கும் கல்லைக் காற்றில் நெடுநேரம் பிடித்திருக்காதீர்கள். அதன் துளைகளில் காற்று புகுந்துகொண்டால் மெல்ல அழுகிப் பெட்டி முழுவதும் நாறும்.

5. இரவில் பாருங்கள், சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள்

பகலில் நாள் முழுக்க உற்றுப் பார்த்தாலும் பாதிதான் தெரியும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, கைவிளக்கின் மேல் சிவப்பு செலோஃபேன் தாளைக் கட்டிக்கொண்டு பாருங்கள். இந்த உயிர்களில் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது, அதனால் ஓடி ஒளியாது. வெள்ளை விளக்கை அடித்தால் அடுத்த நொடியே உள்ளே போய்விடும்.

படம் எடுக்கும்போது பெட்டியின் வெளிப்புறத்தில் பத்துக் காசு நாணயம் ஒன்றை ஒட்டிவையுங்கள். அளவு தெரியாத படத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு படத்தைவிடப் பத்து நொடிக் காணொளி மேல், ஏனென்றால் நகரும் விதமே பாதி விடை. கல்லில் எந்த இடம், என்ன நேரம், தொட்டால் என்ன செய்தது என்றும் ஒரு வரி எழுதிவையுங்கள்.

காதையும் பயன்படுத்துங்கள். இரவில் பெட்டியிலிருந்து டிக், டக் என்று சத்தம் வந்தால் இரண்டில் ஒன்று. அதை அடுத்த படியில் சொல்கிறேன்.

6. யார் யார் என்று பிரித்துப் பாருங்கள்

புத்தகத்தில் உள்ள வகைப்பாட்டின்படி போனால் புதியவருக்குத் தலை சுற்றும். கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்குவோம்.

*பூப்போல விரிந்து, தொட்டால் சுருங்குபவை*

எல்லாவற்றிலும் கவனமாகப் பார்க்க வேண்டிய வகை இது. பழுப்பு கலந்த கண்ணாடி நிறம், நீண்ட மெல்லிய தண்டு, கூர்மையான நீண்ட இழைகள், நிழல் பட்டாலே துளைக்குள் மறைவது இவை எல்லாம் சேர்ந்திருந்தால் அது அயிப்டேசியா. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பக்கத்துப் பவளத்தைக் கொட்டும், மிக வேகமாகப் பெருகும். இழைகள் குட்டையாக, தடிமனாக, நுனியில் சிறு குமிழோடு, சற்றுப் பச்சையாக இருந்தால் அது மஜானோ. அதுவும் தொல்லைதான்.

இவற்றைக் கத்தியால் சுரண்டாதீர்கள். அயிப்டேசியாவின் அடிப்பகுதியில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது முழு உயிராக வளரும். ஒன்றைச் சுரண்டப் போய் ஒரு கூட்டத்தை வளர்த்தவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் நிறைய பேர். பவர்ஹெட்டை நிறுத்திவிட்டு, இழைகள் விரிந்திருக்கும்போது, அயிப்டேசியா எக்ஸ் போன்ற மருந்தை ஊசியில்லாத குழாயால் வாயின் மேல் விட வேண்டும். கால்சியம் ஹைட்ராக்சைடைக் கெட்டியாகக் குழைத்தும் பயன்படுத்தலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும் அதே பொருள்தான். ஆனால் தேக்கா கடைகளில் கிடைக்கும் டப்பாவில் நிறமோ வாசனையோ சேர்த்திருக்கலாம், அதனால் மீன்தொட்டிக்கென்று விற்பதையே வாங்குங்கள். ஒரே நாளில் நிறைய விட்டால் தண்ணீரின் காரத்தன்மை ஏறிவிடும், இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள்.

உயிர்வழித் தீர்வும் உண்டு. பெர்கியா என்ற ஓடில்லாத சிறு கடல் நத்தை அயிப்டேசியாவை மட்டுமே தின்னும், தீர்ந்ததும் பட்டினியால் சாகும். அதனால் அடுத்துத் தேவைப்படுகிறவருக்குக் கைமாற்றிவிடுவது நல்லது. பெப்பர்மிண்ட் இறாலும் தின்னும். ஆனால் வாங்கும்போது ஏமாறாதீர்கள். முதுகு கூன்போல உயர்ந்து, சிவப்பின் மேல் அழுத்தமான வெள்ளைக் கோடும் புள்ளியும் இருந்தால் அது கேமல் இறால். அது உங்கள் பவளத்தைத் தின்னும்.

இரவில் மட்டும் விரிந்து, ஒளி ஊடுருவும் இழைகளின் நுனியில் ஆரஞ்சு அல்லது வெள்ளை உருண்டைகள் தெரிந்தால் அது சூடோகோரினாக்டிஸ். சிறியதாக இருக்கும்வரை ரசிக்கலாம். வளர்ந்தால் நட்சத்திர மீனையும் நத்தையையும் பிடித்து விழுங்கும்.

குழாயின் வாயிலிருந்து விசிறிபோன்ற கொண்டை வெளியே வந்தால் அது ஃபெதர் டஸ்டர் புழு. நல்லது, விடுங்கள். கல்லிலும் கண்ணாடியிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் வெள்ளைச் சுருள்கள் ஒட்டியிருந்தால் ஸ்பைரோர்பிட் புழுக்கள், அவையும் நல்லவை. ஆனால் கடினமான குழாய் கல்லிலிருந்து எழுந்து நின்று, வாயில் கொண்டை இல்லாமல், சிலந்தி இழைபோல் ஒரு சளிவலை மிதந்தால் அது வெர்மெட்டிட் நத்தை. அந்த வலை பவளத்தின் மேல் படிந்து அதை விரியவிடாது. குழாயை ஒடித்துவிட்டு, வாயை ஜெல் வகை சூப்பர் பசையால் அடைத்துவிடுங்கள். பெட்டியில் இருக்கும்போதே செய்வது சுலபம், பெரிய தொட்டியில் கை எட்டாது.

*நீளமாக நெளிபவை*

புதியவர்கள் அதிகம் அலறுவது இதற்குத்தான். இளஞ்சிவப்பு அல்லது சாம்பல் நிறம், இரு பக்கமும் வெள்ளை முடிக்கற்றைகள். வீட்டில் பெரியவர்கள் பார்த்தால் பூரான் என்றே சொல்வார்கள். இது பிரிஸில் புழு. மிஞ்சிய உணவையும் செத்ததையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பதில் இதற்கு இணை கிடையாது. தயவுசெய்து கொல்லாதீர்கள். வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள், முடி தோலில் குத்தி எரியும். குத்திவிட்டால் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்து எடுங்கள். எண்ணிக்கை அளவுக்கு மீறிப் பெருகினால் நீங்கள் மீனுக்கு உணவை அதிகம் போடுகிறீர்கள் என்று பொருள்.

அதே நீளத்தில், உடல் வானவில் நிறத்தில் மின்னி, முடி அவ்வளவாகத் தெரியாமல், தலையில் ஐந்து உணர்கொம்புகள் இருந்தால் கவனியுங்கள். அது யூனிசிட் குடும்பம். அதில் பாபிட் புழு என்று அழைக்கப்படும் யூனிஸ் அஃப்ரோடிட்டாய்ஸ் மூன்று மீட்டர் வரைகூட வளரும், கல்லுக்குள் ஒளிந்திருந்து மீனைப் பிடிக்கும். பாதி உடல் அறுந்தாலும் மிச்சம் வளரும் என்பதால் இழுத்துப் பிய்க்காதீர்கள். அந்தக் கல்லைத் தனியாக வைத்து, கூடிய உப்பில் முக்கி முழுதாக வெளியே எடுக்க வேண்டும்.

கல்லிடுக்கிலிருந்து மெல்லிய வெள்ளை நூல்கள் மட்டும் நீண்டு மணலைத் துழாவினால் அது ஸ்பகெட்டி புழு. நல்லது. நிலக்கடலை நிறத்தில் வழவழப்பாக, தும்பிக்கைபோல் ஒன்றை நீட்டி இழுத்தால் பீனட் புழு. அதுவும் நல்லது.

துரு நிறத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தட்டைப் புழு, பின்பக்கம் பிளவுபட்ட வாலோடு, கூட்டமாக இருந்தால் சிவப்புப் பிளனேரியா. மருந்து போட்டு ஒரேயடியாகக் கொன்றால் அவை விடும் நஞ்சு மற்றவற்றைப் பாதிக்கும். முதலில் குழாயால் உறிஞ்சி முடிந்த அளவு வெளியேற்றுங்கள், மருந்து அப்புறம்.

*கால்களோடு ஓடுபவை*

நண்டைப் பொறுத்தவரை கொடுக்கின் நுனியைப் பாருங்கள். நுனி கரண்டிபோல் குழிந்திருந்தால் பெரும்பாலும் பாசி சுரண்டுவது. கூராக, கறுத்து, உடம்பு முழுக்க ரோமத்தோடு இருந்தால் கொரில்லா நண்டு என்று கடைகளில் சொல்வது. அதை வெளியே எடுத்துவிடுங்கள், வளர வளர பவளம், நத்தை, தூங்கும் மீன் எதையும் விடாது. பவளக் கிளைகளுக்கிடையே வழவழப்பான ஓட்டோடு ஒரு ஜோடி இருந்தால் அது ட்ரபீசியா. தான் வாழும் பவளத்தைக் காக்கும் நண்டு அது, விலக்காதீர்கள். கொடுக்குகள் தவிர மூன்று ஜோடிக் கால் மட்டும் தெரிந்து, வாய்ப்பக்கம் விசிறிபோல் வீசிக்கொண்டிருந்தால் போர்சலின் நண்டு, தொல்லை இல்லை.

நம் கடலில் சிவப்பும் வெள்ளையுமாகச் சித்திரம் வரைந்தது போன்ற ஓட்டோடு மொசைக் நண்டு உண்டு. இதன் சதை கொடிய நஞ்சு, சமைத்தாலும் போகாது. அடையாளம் தெரியாத எந்த நண்டையும் வீட்டில் யாரும் வாயில் வைக்கக் கூடாது.

இப்போது அந்த டிக் சத்தம். ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிதாக இருந்தால் பிஸ்டல் இறால். கோபி மீனோடு ஒரே வளையில் வாழும், சேர்த்து வளர்க்கலாம். கண்கள் தண்டின் மேல் நின்று தனித்தனியாகச் சுழன்று, முன்னங்கால்களை மார்பில் மடித்து வைத்திருந்தால் மாண்டிஸ் இறால். அது நத்தை, நண்டு, மீன் எல்லாவற்றையும் அடித்தே தின்றுவிடும். விரலையும் பிளக்கும், எனவே துளைக்குள் விரலை நுழைத்துத் தேடாதீர்கள்.

மணல் துகள்போல் கண்ணாடியில் துள்ளும் வெள்ளைப் புள்ளிகள் கோபிபாட். வளைந்த உடலோடு பக்கவாட்டில் ஓடும் குட்டி இறால்போன்றவை ஆம்ஃபிபாட். இரண்டும் மீனுக்கு இலவச உணவு. உடல் தட்டையாக, தொட்டால் உருண்டையாகச் சுருண்டால் தீங்கில்லாத ஐசோபாட். சுருளாமல், பெரிய கண்களோடு வேகமாக நீந்தினால் சைரோலானிட் ஐசோபாட். அது மீனின் உடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும், ஒன்றைக்கூட விடாதீர்கள்.

*ஓடு உள்ளவை, நட்சத்திரங்கள்*

முதுகில் காதுபோன்ற சின்ன ஓடு, மற்றபடி அட்டைபோல் உடல், வேகமாக ஓடும், பயந்தால் வாலை உதறிவிட்டுப் போகும். அது ஸ்டொமடெல்லா. பாசி தின்பதில் கெட்டிக்கார நத்தை, அதிர்ஷ்டம் இருந்தால்தான் கிடைக்கும். முதுகில் எட்டுத் தகடுகளோடு கல்லில் ஒட்டியிருக்கும் கைட்டனும் நல்லது. அரிசி அளவில் வெள்ளை நத்தைகள் சிப்பியின் ஓரத்தில் கூடினால் பிரமிடெல்லிட், சிப்பியின் சாற்றை உறிஞ்சும். கறுப்பு வெள்ளைக் கட்டங்களோடு சுருண்ட சன்டயல் நத்தை ஸோவாந்திட்டைத் தின்னும்.

கூம்பு வடிவ ஓடு, நீண்ட குறுகிய வாய் உள்ள நத்தையைக் கையால் எடுக்கவே கூடாது. கோனஸ் இனம். அதில் ஜியாகிராஃபி கோன் மனிதரைக் கொன்றிருக்கிறது, முறிமருந்து கிடையாது. இடுக்கியால் எடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். அதேபோல, மிக அரிதாக, கட்டைவிரல் அளவில் நீல வளையங்களோடு ஒரு ஆக்டோபஸ் தெரிந்தால் பெட்டியை மூடிவிட்டு விலகி நில்லுங்கள். அதன் கடி உயிரைப் பறிக்கும்.

மெல்லிய கைகளைத் துளையிலிருந்து நீட்டும் குட்டி பிரிட்டில் ஸ்டார் நல்லது. அரை சென்டிமீட்டர் முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை, கைகள் ஒரே நீளமாக இல்லாமல் இருந்தால் ஆஸ்டெரினா. உடலைப் பிளந்தே பெருகுவதால்தான் அந்தக் கோணல். பெரும்பாலும் பாசிதான் தின்னும். சில வகை ஸோவாந்திட்டைக் கடிக்கும், அதன் மேலேயே உட்கார்ந்திருந்தால் மட்டும் எடுங்கள்.

*பாசி*

ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் கல்லோடு கல்லாகப் படிந்திருப்பது கோரலைன், அதுதான் நமக்கு வேண்டும். பச்சைக் கண்ணாடி உருண்டைகள் வலோனியா. தண்ணீருக்கு வெளியே கல்லைப் பிடித்து, உடைக்காமல் அடியோடு பெயர்த்தெடுங்கள். பெரணி இலைபோன்ற மெல்லிய பச்சை பிரயாப்சிஸ். பெட்டியிலேயே ஒழியுங்கள், பெரிய தொட்டியில் பரவினால் மாதக்கணக்கில் போராட வேண்டும்.

7. வெளியே எடுக்கும் வழிகள்

விலை உயர்ந்த பொறி எதுவும் வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளரின் அடியில் பச்சை இறால் துண்டைப் போட்டு, விளிம்பு கல்லைத் தொடும்படி சாய்த்து இரவில் வையுங்கள். நண்டு இறங்கும், வழுக்கும் கண்ணாடியில் ஏற முடியாது. காலையில் எடுத்துக்கொள்ளலாம். ஒரே இரவில் விழாவிட்டால் இடத்தை மாற்றிப் பல இரவுகள் வையுங்கள்.

துளை எது என்று தெரிந்தால் பேரங்காடியில் கிடைக்கும் சோடா போதும். இனிப்பும் சுவையும் சேர்க்காத வெறும் சோடாவாக இருக்கட்டும். கல்லை வாளிக்கு மேலே பிடித்து, பெரிய சிரிஞ்சால் துளைக்குள் விட்டால் நண்டோ மாண்டிஸோ சில நொடிகளில் வாளிக்குள் விழும். பெட்டித் தண்ணீருக்குள் சோடாவைக் கொட்டாதீர்கள்.

8. பிடித்ததை எங்கே விடுவது

கடலிலும் நீர்த்தேக்கத்திலும் வடிகாலிலும் விடக் கூடாது. 2020இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் உயிர்களை வெளியே விடுவது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, வேறு கடலிலிருந்து வந்த உயிரும் அதன் நோயும் நம் பவளத் திட்டுகளுக்கு ஆபத்து. நம் தென்தீவுகளைச் சுற்றி மிஞ்சியிருக்கும் பவளம் கொஞ்சம்தான்.

மாண்டிஸ் இறாலையும் பெரிய நண்டையும் விரும்பி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பொழுதுபோக்குக் குழுக்களில் இலவசம் என்று அறிவித்தால் வந்து வாங்கிக்கொள்வார்கள். அல்லது சம்ப்பில், அதாவது தொட்டியோடு இணைந்த வடிகட்டும் துணைத்தொட்டியில், ஒரு மூலையைத் தடுத்து நீங்களே வைத்துக்கொள்ளலாம். இரண்டும் முடியாவிட்டால் சிறு டப்பாவில் தொட்டித் தண்ணீரோடு முதலில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, அசைவு அடங்கியதும் உறைபெட்டிக்கு மாற்றுங்கள். மறுநாள் இறுகக் கட்டிக் குப்பையில் போடலாம். டப்பாவில் எழுதி ஒட்டுங்கள், வீட்டில் யாரும் உணவென்று எடுத்துவிடக் கூடாது.

9. எத்தனை நாள் பெட்டியில் வைப்பது

முன்பே வேறு தொட்டியில் இருந்து பக்குவப்பட்ட கல் என்றால் இரண்டு முதல் நான்கு வாரம். புதிதாக இறக்குமதியாகி வந்தது என்றால் நான்கு முதல் எட்டு வாரம். முதல் வாரத்தில் அமோனியாவைத் தினமும் சோதியுங்கள். ஏறினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், இல்லையென்றால் நல்லவையும் சேர்ந்து சாகும். அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியாகி ஒரு வாரம் அப்படியே நின்றால் கல் தயார்.

மீன் இருந்த தொட்டியிலிருந்து வந்த கல்லுக்கு மட்டும் வேறு கணக்கு. வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகேரியான் கல்லில் கூடுகட்டிக் காத்திருக்கும். மீனே இல்லாமல் 76 நாள் வைத்தால் அது பட்டினியில் ஒழியும் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பெரும்பாலானவர்கள் பின்பற்றும் கணக்கு. அவசரப்பட்டு வாங்கிய மீன்களை இழப்பதைவிடக் காத்திருப்பது மலிவு.

அந்த நாள்களில் அயிப்டேசியா ஒன்று செத்ததாகத் தெரிந்தாலும் அதே இடத்தை இரண்டு வாரம் கழித்துச் சிவப்பு விளக்கில் மறுபடி பாருங்கள். பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளில் எல்லாக் கல்லையும் ஒரேயடியாக மாற்றாமல், சந்தேகம் இல்லாதவற்றை முதலில் மாற்றுங்கள். டிக் சத்தம் வந்த கல்லும், அடையாளம் தெரியாத குழாயோ கொம்போ தெரிந்த கல்லும் கடைசியாகப் போகட்டும். பெட்டியில் மிஞ்சிய உப்புநீரைக் கழிவறையில் ஊற்றலாம். இடுக்கி, வாளி, பவர்ஹெட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்துவிட்டே அடுத்த கல்லுக்குப் பயன்படுத்துங்கள்.